மங்கு முதல் பாலுண்ணி வரை: தோல் கேள்வி–பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் "கறுப்பைப் போக்க என்ன தடவலாம்?" என்ற கேள்விதான் அதிகம். பாதிக் கடிதங்களுக்கு "இதுவரை என்னென்ன தடவினீர்கள்?" என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. மாநிறத் தோலில் நிறமிச் செல்கள் சுறுசுறுப்பானவை. பரு, சிராய்ப்பு, சூடு, எரிச்சல் என எது பட்டாலும் அந்த இடத்தில் மெலனினைக் கொட்டிவிடும். அதனால் அவசரப்பட்டுச் செய்யும் சிகிச்சை பல நேரம் புதுக் கறையில்தான் போய் முடிகிறது.

கேள்வி: வயது 34. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு இரண்டு கன்னத்திலும் மங்கு (பழுப்புத் திட்டு) வந்தது. மெடிக்கல் ஷாப்பில் கேட்டதும் ஒரு க்ரீம் கொடுத்தார்கள். பத்து நாளில் முகம் பளிச்சென்று ஆகிவிட்டது. ஒரு வருடமாகத் தடவுகிறேன். இப்போது ஒரு நாள் விட்டாலும் முகம் சிவந்து எரிகிறது, பொடிப்பொடியாகப் பரு வருகிறது, மங்கும் முன்பைவிட அதிகம். வேறு நல்ல க்ரீம் சொல்லுங்கள்.
– வாசகி, குரோம்பேட்டை

பதில்: புது க்ரீமுக்கு முன், பழைய ட்யூபை எடுத்து உட்பொருள்களைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன், ஃபுளூசினோலோன் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு க்ரீம். மங்குக்கென்று விற்கும் க்ரீம்களில் பெரும்பாலும் ஹைட்ரோகுயினோன் 2%, ட்ரெட்டினாயின் 0.025%, மொமெட்டசோன் 0.1% மூன்றும் சேர்ந்திருக்கும். இந்தக் கூட்டுக்கு மூலம் 1975-இல் அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் க்ளிக்மன் வகுத்த சூத்திரம். சில வாரங்களுக்கு, மருத்துவர் கண்காணிப்பில் பயன்படுத்த வேண்டிய மருந்து அது. நம் ஊரில் வருடக்கணக்கில் பவுடர் போலப் பூசுகிறார்கள். தோலில் தடவும் ஸ்டீராய்டுகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-இல் மத்திய அரசு விதியை இறுக்கியது. கடையில் கேட்டால் கிடைக்கிறது என்பது வேறு விஷயம்.

முதல் பத்து நாள் பளிச்சென்று ஆனதற்குக் காரணம், ஸ்டீராய்டு ரத்தக் குழாய்களைச் சுருக்கி, நிறமி உருவாவதையும் தற்காலிகமாக அடக்கியது. மாதங்கள் போகப் போகத் தோல் மெலிந்து, நுண்குழாய்கள் சிவப்பு நூலாக வெளியே தெரியும், பூனைமுடி கூடும், வெயில் பட்டால் எரியும். நிறுத்தினால், அடக்கி வைத்த குழாய்கள் ஒரேயடியாக விரிந்து முகம் சிவக்கும். அந்த எரிச்சலைப் பார்த்துப் பயந்து மறுபடி அதையே தடவுவதுதான் இதில் பொறி. இந்திய மருத்துவர்கள் இதை ஸ்டீராய்டால் கெட்ட முகம் என்று தனி நோயாகவே வகைப்படுத்தியிருக்கிறார்கள்.

ஒரு வருடம் தடவியவர் தானாகத் திடீரென்று விடாமல், மருத்துவரைப் பார்த்து விடுவது நல்லது. அவர் வீரியம் குறைந்த ஸ்டீராய்டுக்கு மாற்றியோ, இடைவெளியைக் கூட்டியோ இறக்குவார்; ஸ்டீராய்டு அல்லாத டாக்ரோலிமஸ் களிம்பைச் சேர்க்கலாம். இந்தக் காலத்தில் முகத்துக்கு வாசனையில்லாத மாய்ஸ்சரைசர், மென்மையான க்ளென்சர், சன்ஸ்கிரீன் மூன்று மட்டுமே. ஃபேஷியல், ப்ளீச், விட்டமின் சி, கடலை மாவு எதுவும் வேண்டாம். எரியும்போது குளிர்ந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியைப் பத்து நிமிடம் வையுங்கள். சிவப்பு அடங்கச் சில வாரம் ஆகலாம், சில மாதமும் ஆகலாம். நடுவில் ஒரு கட்டம் முகம் இப்போதைவிட மோசமாகத் தெரியும். அதை முன்பே தெரிந்து வைத்துக்கொண்டால்தான் பழைய ட்யூபைத் தேடிப் போகமாட்டீர்கள்.

தோல் தேறிய பிறகுதான் மங்குக்கு மருந்து. அசலெய்க் ஆசிட் 15 முதல் 20% இரவில் தடவலாம்; மெதுவாக வேலை செய்யும், தாய்ப்பால் கொடுக்கும்போதும் பாதுகாப்பானதாகக் கருதப்படுகிறது. ஹைட்ரோகுயினோனை மருத்துவர் சொன்ன காலத்துக்கு மேல் ஒரு நாளும் நீட்டக் கூடாது. வருடக்கணக்கில் போட்டால் நீலக் கறுப்பாக நிரந்தரக் கறை படியும், அதற்கு நல்ல மருந்து கிடையாது. டிரானெக்ஸாமிக் ஆசிட் மாத்திரை பலருக்குப் பலன் தருகிறது. ஆனால் ரத்தம் உறையும் கோளாறு உள்ளவர்களுக்கும், கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கும் ஆபத்து. நீங்கள் கருத்தடை மாத்திரை எடுத்தால் கட்டாயம் சொல்லுங்கள். மங்கு வரவே தூண்டுவது பல நேரம் அதுதான்.

இன்னொன்று. வெயிலின் புற ஊதாக் கதிர் மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மங்குக் கறையைக் கறுக்க வைக்கும். வெள்ளை சன்ஸ்கிரீன் அதைத் தடுக்காது. அயர்ன் ஆக்ஸைடு சேர்த்த, தோல் நிறத்தில் இருக்கும் டின்டட் சன்ஸ்கிரீன் வாங்குங்கள். அடுப்பு வெப்பத்துக்கும் மங்குக்கும் ஆகாது. குக்கர் மூடியைத் திறக்கும்போது முகத்தைத் தள்ளி வையுங்கள். மங்கு அடங்கும், மறுபடி எட்டிப் பார்க்கும் குணமும் உண்டு. "அடியோடு போக்குகிறோம்" என்ற விளம்பரத்தைக் கண்டால் விலகிப் போங்கள்.

கேள்வி: வேளச்சேரியிலிருந்து சிறுசேரிக்கு தினமும் பைக்கில் போகிறேன். எஸ்.பி.எஃப் 50 போட்டும் முகமும் கையும் கறுத்துவிட்டன. வியர்வையில் வழிந்து கண் எரிகிறது. எஸ்.பி.எஃப் 100 வாங்கலாமா?
– வாசகர், வேளச்சேரி

பதில்: எண்ணைவிட அளவைப் பாருங்கள். எஸ்.பி.எஃப் 30 தோலைச் சிவக்க வைக்கும் கதிரில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 சுமார் 98 சதவீதத்தை. அதற்கு மேல் ஏறினாலும் கிடைப்பது துளிதான். ஆனால் இந்தக் கணக்கெல்லாம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசி ஆய்வகத்தில் எடுத்தது. பெரும்பாலானோர் பூசுவது அதில் கால் பங்கோ பாதியோ.

ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் கோடு போட்டால் வருவது முகத்துக்கும் கழுத்துக்குமான அளவு. ஏறக்குறைய ஒரு கிராம். காலையில் ஒரு முறை, மதியம் ஒரு முறை என்றால் 50 கிராம் ட்யூப் ஒரு மாதத்துக்குள் தீர வேண்டும். உங்கள் ட்யூப் மூன்று மாதம் வந்தால் எஸ்.பி.எஃப் 50-க்குக் காசு கொடுத்து அதில் சிறு பகுதியைத்தான் பயன்படுத்துகிறீர்கள்.

எஸ்.பி.எஃப் அளப்பது பெரும்பாலும் புற ஊதா பி-யை. உங்களைக் கறுக்க வைப்பதில் புற ஊதா ஏ-வுக்குப் பங்கு அதிகம், அதற்கு பி.ஏ என்ற குறியின் பக்கத்தில் எத்தனை ப்ளஸ் என்று பாருங்கள், நான்கு இருந்தால் நல்லது. புற ஊதா ஏ கார்க் கதவின் கண்ணாடியையும் ஊடுருவும் என்பதால் "நான் காரில்தானே போகிறேன்" என்பது செல்லாது. மார்ச் முதலே சென்னையில் உச்சி வெயிலின் புற ஊதாக் குறியீடு 11-ஐத் தாண்டும். மெல்லிய மேகமூட்டம் வந்தாலும் பெரிய அளவில் குறைந்துவிடாது.

கண் எரிச்சலுக்கு வழி: நெற்றியில் புருவத்துக்கு மேலும் கண்ணைச் சுற்றியும் ஜிங்க் ஆக்ஸைடு மட்டும் உள்ள சன்ஸ்கிரீன், குச்சி வடிவில் கிடைத்தால் இன்னும் நல்லது. மற்ற இடத்துக்கு ஜெல் வகை, வாட்டர் ரெசிஸ்டன்ட் என்று எழுதியது. கிளம்ப 15 நிமிடம் முன் பூசுங்கள். வெயிலில் நின்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மறுபடி பூச வேண்டும். கைக்கு சன்ஸ்கிரீனை விடக் கைவிரல் வரை மூடும் முழுக்கைத் துணியுறை மேல். நடைபாதைக் கடையில் கிடைப்பதே போதும், ஆனால் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அந்தப் பக்கம் தெரிந்தால் கதிரும் நுழையும். ஏற்கெனவே ஏறிய கறுப்பு தானே இறங்கச் சில மாதம் ஆகும், தேய்க்காதீர்கள்.

கேள்வி: தங்கைக்குத் தை மாதம் முகூர்த்தம். மணப்பெண் பேக்கேஜில் குளூட்டாதயோன் ஊசி பத்து சிட்டிங் சொல்கிறார்கள். போடலாமா?
– வாசகி, அம்பத்தூர்

பதில்: வேண்டாம். தோலை வெளுப்பாக்க இந்த ஊசிக்கு இந்தியாவில் அனுமதி இல்லை. அமெரிக்க, பிலிப்பைன்ஸ் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகள் எச்சரிக்கையே வெளியிட்டிருக்கின்றன. ஒவ்வாமை அதிர்ச்சி, சிறுநீரக, ஈரல் பாதிப்பு ஆகிய அபாயங்கள் உண்டு. வெளுப்பு வந்தாலும் ஊசியை நிறுத்திய பிறகு நிற்பதில்லை.

தைக்கு இன்னும் மாதங்கள் இருந்தால் பரு, கறை ஆகியவற்றுக்கு இப்போதே தோல் மருத்துவரைப் பார்க்கலாம். முகூர்த்தத்துக்கு முந்தைய மூன்று வாரத்தில் புதிதாக எதையும் முகத்தில் செய்ய வேண்டாம். பழக்கமில்லாத ஃபேஷியல், ப்ளீச்சும் அதில் சேரும். நலங்குக்குப் பூசும் மஞ்சளையும், வாசனைப் பொடி கலக்காததாக, காதோரம் ஒரு நாள் தடவிப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: வயது 26, பி.சி.ஓ.டி (சினைப்பை நீர்க்கட்டி) உண்டு. தாடையிலும் கன்னத்திலும் முடி. வாரம் ஒரு முறை திரெட்டிங். லேசர் ஆறு சிட்டிங்கில் நிரந்தரமாகப் போய்விடும் என்கிறார்கள். பக்கத்து வீட்டு அக்காவுக்கு லேசர் செய்த பிறகு கன்னத்தில் முடி கூடிவிட்டதாம். உண்மையா?
– வாசகி, அண்ணா நகர்

பதில்: அக்கா சொன்னது நடக்கக் கூடியதுதான். கன்னத்திலும் கழுத்துப் பக்கவாட்டிலும் உள்ள மெல்லிய பூனைமுடிமேல் போதாத ஆற்றலில் லேசர் பட்டால் வேர் அழியாமல், தூண்டப்பட்டு, தடித்த முடியாக மாறுவது உண்டு. ஹார்மோன் கோளாறு உள்ள, மாநிறப் பெண்களின் முகத்தில்தான் இது அதிகம். ஆகவே லேசர் தாடையிலும் மேலுதட்டிலும் உள்ள தடித்த கறுப்பு முடிக்கு மட்டும். கன்னத்துப் பூனைமுடியை விட்டுவிடச் சொல்லுங்கள். "முழு முகம்" பேக்கேஜ் மலிவாக வருகிறதே என்று வாங்குவது இங்கேதான் வினையாகிறது.

லேசர் ஒளியை முடியிலுள்ள மெலனின் உறிஞ்சி, சூடாகி, வேரைச் சுடுகிறது. தோலிலும் மெலனின் இருக்கிறது. அதைச் சுடாமல் வேரை மட்டும் சுட வேண்டும். அதனால் அலைநீளம் முக்கியம். நம் தோலுக்கு 1064 நானோமீட்டர் என்டி-யாக் லேசர் மிகப் பாதுகாப்பு, 808 அல்லது 810 டையோடு நல்ல குளிரூட்டும் முனையுடன் இருந்தால் சரி. 755 அலெக்ஸாண்ட்ரைட் நம் தோலைச் சுட வாய்ப்பு அதிகம். ஐ.பி.எல் என்பது லேசரே அல்ல, பலவித அலைநீளம் கலந்த ஒளி. மாநிறத்தில் அதற்கும் ஜாக்கிரதை தேவை. "எந்த மெஷின், எந்த அலைநீளம்?" என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாத இடத்தில் படுக்காதீர்கள்.

முதல் சிட்டிங்குக்கு முன் நான்கு வாரம் திரெட்டிங், வாக்சிங், பிடுங்குதல் நிறுத்த வேண்டும். வேரோடு பிடுங்கிய முடிக்கு லேசர் பிடிமானம் இல்லை. ஷேவ் செய்யலாம், ஷேவ் செய்தால் முடி தடிக்கும் என்பது வெறும் பேச்சு. காதுக்குக் கீழே ஓர் இடத்தில் சோதனை ஷாட் போட்டு ஒரு வாரம் பார்க்கச் சொல்லுங்கள். முடித்த பிறகு வேரைச் சுற்றி லேசாக வீங்கிச் சிவப்பது சரியான அறிகுறி, ஓரிரு நாளில் அடங்கும். கொப்புளம், சாம்பல் நிறப் பொருக்கு வந்தால் சூடு அதிகம். உடனே சொல்ல வேண்டும். நரைமுடிக்கு லேசர் வேலை செய்யாது, அதற்கு மின்சாரத்தால் வேரை அழிக்கும் எலெக்ட்ரோலிசிஸ்தான்.

ஆறு சிட்டிங் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. வளர் பருவத்தில் உள்ள முடி மட்டுமே ஒவ்வொரு முறையும் அழியும் என்பதால் முகத்துக்கு நான்கு முதல் ஆறு வார இடைவெளியில், ஹார்மோன் காரணம் உள்ளவர்களுக்கு எட்டு பத்து சிட்டிங்குக்கு மேலும் போகும். பிறகும் வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை தொட்டுவிட வேண்டியிருக்கும். "நிரந்தரக் குறைப்பு" என்பதே சரியான வாக்கு. "நிரந்தர நீக்கம்" என்று எழுதித் தந்தால் அதை நம்பி முழுப் பணமும் முன்கூட்டியே கட்டாதீர்கள்.

இதற்கெல்லாம் முன் ரத்தப் பரிசோதனை: ஆண் ஹார்மோன்களான டெஸ்டோஸ்டீரோன், டி.எச்.இ.ஏ.எஸ், கூடவே புரோலாக்டின், தைராய்டு, வெறும் வயிற்றுச் சர்க்கரை, கூடவே வயிற்று ஸ்கேன். ஹார்மோனைச் சரி செய்யாமல் லேசர் மட்டும் செய்தால் ஒரு பக்கம் முடியைச் சுட்டுக்கொண்டிருக்கும்போதே மறுபக்கம் புது வேர் தூண்டப்படும். முடிக்கு மாத்திரை பலன் தர ஆறு மாதம் ஆகும். ஆண் ஹார்மோனை அடக்கும் ஸ்பைரனோலாக்டோன் எழுதினால் கர்ப்பத் தடுப்பு அவசியம். சில மாதங்களுக்குள் திடீரென முடி பெருகி, குரல் கனத்து, மாதவிலக்கு நின்றால் அது பி.சி.ஓ.டி இல்லாமல் வேறாக இருக்கலாம். அப்போது நாளமில்லாச் சுரப்பி மருத்துவரைத் தாமதமின்றிப் பார்க்க வேண்டும்.

கேள்வி: கல்லூரி மாணவி. முகத்தில் பரு, பருக் கறை. வீடியோ பார்த்து நியாசினமைடு 10%, விட்டமின் சி, ரெட்டினால், ஏ.எச்.ஏ பி.எச்.ஏ பீல் நான்கும் வாங்கினேன். எதை எப்போது போடுவது? எல்லாம் போட்டால் எரிகிறது.
– வாசகி, தாம்பரம்

பதில்: முதல் இரண்டு வாரம் எதையும் போடாதீர்கள். எரிச்சல் அடங்கும்வரை மென்மையான ஃபேஸ்வாஷ், க்ளிசரின் உள்ள ஜெல் மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன். சாதாரண சோப்பின் காரத்தன்மை (பி.எச் அளவு) 9, 10 வரை போகும். உங்கள் பகுதி போர் தண்ணீர் உப்பாக இருந்தால் சோப்பு அதோடு சேர்ந்து படலமாக முகத்தில் ஒட்டிவிடும், அதனால் தோல் இழுக்கும். சோப்பு அல்லாத சின்டெட் வகை க்ளென்சர் உப்புத் தண்ணீரிலும் படலம் விடாது. ஒரு நாளைக்கு இரண்டு முறை போதும்.

பிறகு ஒன்றே ஒன்று. பருவுக்கு அடபலீன் 0.1% இரவில். முகம் கழுவி, நன்றாகக் காய்ந்து, 15 நிமிடம் கழித்து, பட்டாணி அளவை நெற்றி, இரு கன்னம், தாடை என்று புள்ளி வைத்து மெல்லியதாக இழுங்கள். பருவின் மேல் மட்டும் தடவுவது தவறு. இது வராமல் தடுக்கும் மருந்து. முதல் இரு வாரம் வாரத்துக்கு இரண்டு இரவு, பிறகு ஒன்று விட்டு ஒன்று. ஆறாவது வாரம்வரை பரு கூடுவதுபோல் தெரியலாம். பலனைப் பன்னிரண்டாவது வாரத்தில் பாருங்கள். கர்ப்பம் தரிக்கத் திட்டமிட்டால் நிறுத்த வேண்டும். வீங்கிய பருவுக்குக் காலையில் பென்ஸாயில் பெராக்ஸைடு 2.5% சேர்க்கலாம். 10% இதைவிட அதிகப் பலன் தருவதில்லை, எரிச்சல் மட்டும் அதிகம். தலையணை உறையும் துண்டும் வெளுத்துப்போகும், பழைய வெள்ளைத் துண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களிடம் உள்ள நான்கில் ரெட்டினாலை அடபலீனோடு சேர்க்க வேண்டாம், இரண்டும் ஒரே குடும்பம். நியாசினமைடு 4, 5 சதவீதமே போதுமானது. 10 உங்களை எரித்தால் மாய்ஸ்சரைசரில் இரண்டு துளி கலந்து பாருங்கள். விட்டமின் சி சீரம் தேன் நிறத்துக்கோ பழுப்புக்கோ மாறியிருந்தால் தூக்கிப் போடுங்கள். கத்திரி வெயிலில் அறையில் வைத்தால் சில வாரத்திலேயே அது கெட்டுவிடும், ஃப்ரிட்ஜ் கதவில் வையுங்கள். ரத்தச் சிவப்பில் இருக்கும் அந்த ஏ.எச்.ஏ பீலை, அதாவது மேல்தோலை உரிக்கும் ஆசிடை, இப்போதைக்கு எடுக்கவே வேண்டாம்.

நெற்றியில் மட்டும் ஒரே அளவுப் பொடிப்பரு, அரிப்போடு இருந்தால் அது பருவாக இல்லாமல் மலசீசியா என்ற பூஞ்சையால் வந்த வேர்க்கால் அழற்சியாக இருக்கலாம். நம் ஊர்ப் புழுக்கத்திலும் தலை எண்ணெயிலும் நன்றாக வளரும். பரு மருந்துக்கு அசையாது, பூஞ்சை மருந்து தேவை. தேங்காய் எண்ணெய் தலைக்கு நல்லது. நெற்றிக்கும் கன்னத்துக்கும் இறங்கினால் துவாரத்தை அடைக்கும்.

கேள்வி: பார்லரில் கெமிக்கல் பீல் செய்யலாமா?
– வாசகி, போரூர்

பதில்: அங்கே ஆசிடின் பெயரும் சதவீதமும் சொல்வார்களா என்று முதலில் கேளுங்கள். க்ளைகாலிக் ஆசிட் 20 முதல் 70% வரை இருக்கிறது. பூசி நிமிடக் கணக்குப் பார்த்து, எங்காவது சிவந்தால் நேரம் முடியாவிட்டாலும் உடனே சோடியம் பைகார்பனேட் கரைசலால் நிறுத்த வேண்டும். நிறுத்தத் தாமதித்தால் புண். சாலிசிலிக் 20, 30% பூசினால் வெள்ளைப் படிகம் படியும், அதைத் தானாக நிற்கும் பீல் என்பார்கள். ஆனால் ஆஸ்பிரின் ஒவ்வாதவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஆகாது. மாநிறத் தோலை இரண்டு முதல் நான்கு வாரம் இரவு மருந்து, சன்ஸ்கிரீன் கொண்டு தயார் செய்துவிட்டே முதல் பீல் போட வேண்டும். அடபலீன், ரெட்டினால் போன்ற ரெட்டினாய்டை ஒரு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். உதட்டில் அடிக்கடி அக்கி போன்ற கொப்புளம் வருபவர்கள் அதை முன்கூட்டியே சொன்னால் தடுப்பு மாத்திரை தருவார்கள். "நாளைக்கே வாங்க" என்று சொல்லும் இடத்தில் இந்தத் தயாரிப்பெல்லாம் நடக்கவில்லை என்றுதானே பொருள்? உரியும் தோலைக் கையால் பிய்த்தால் அந்த இடத்தில் கறை நிச்சயம்.

மருத்துவரைத் தேர்ந்தெடுக்க: எம்.டி. (டி.வி.எல்.), டி.டி.வி.எல்., டி.என்.பி. தோல் நோயியல் ஆகியவை தோல் மருத்துவப் பட்டங்கள். தமிழ்நாடு மருத்துவ கவுன்சில் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி இணையத்தில் சரிபார்க்கலாம். "காஸ்மெட்டாலஜிஸ்ட்" என்ற பலகை மட்டும் இருந்தால் அது மருத்துவப் பட்டம் அல்ல. செலவு தடையாக இருந்தால் சென்ட்ரலுக்கு எதிரே ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையிலும், ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் மருத்துவமனைகளிலும் தோல் புறநோயாளிப் பிரிவு இருக்கிறது.

கேள்வி: 29 வயது ஆண். பருப் பள்ளங்களுக்கு ஆன்லைனில் டெர்மா ரோலர் 1.5 மி.மீ. வாங்கியிருக்கிறேன். உருட்டலாமா?
– வாசகர், பெரம்பூர்

பதில்: உருட்டாதீர்கள். அந்த உருளையின் ஊசி வளைந்து தோலைக் கிழிக்கும், கிருமி நீக்கம் வீட்டில் முடியாது. இன்னும் பரு இருந்தால் சீழை முகம் முழுக்கப் பரப்பும். தட்டையான மருக்கள் இருந்தால் உருட்டிய கோட்டிலேயே வரிசையாக முளைக்கும்.

பள்ளம் எல்லாம் ஒன்றல்ல. பக்கவாட்டில் டார்ச் அடித்துக் கண்ணாடியில் பாருங்கள். ஊசியால் குத்தியதுபோல் குறுகி ஆழமானது, ஓரம் செங்குத்தாக அகன்றது, அலை அலையாகத் தொய்ந்தது என்று மூன்று விதம். தோலை இரு விரலால் விரித்தால் மறைவது மூன்றாவது வகை. அடியில் நார் கட்டி இழுப்பதால் வருகிறது, சப்சிஷன் என்ற முறையில் ஊசியை அடியில் நுழைத்து நாரை அறுத்தால்தான் மேலெழும். ஊசிக்குத்துப் பள்ளத்துக்கு டி.சி.ஏ. ஆசிடை அதன் அடியில் மட்டும் துளி வைக்கும் முறை. அகன்றதற்கும் பொதுவான தோல் நயத்துக்கும் ரேடியோ அலை சேர்ந்த மைக்ரோ நீடிலிங் (நுண்ணூசி சிகிச்சை), நான்கு முதல் ஆறு வார இடைவெளியில் நான்கு முறையாவது. கார்பன் டை ஆக்ஸைடு லேசர் வேகமாக வேலை செய்யும், ஆனால் நம் நிறத்தில் மாதக்கணக்கில் கறை நிற்கும் வாய்ப்பு மைக்ரோ நீடிலிங்கைவிட அதிகம். ஒரே கருவியை எல்லாப் பள்ளத்துக்கும் விற்கும் கிளினிக்கைத் தவிர்க்கவும். பரு முழுக்க அடங்கிய பிறகு தொடங்குங்கள். பள்ளம் பாதிக்கு மேல் சமமானால் நல்ல பலன் என்று வைத்துக்கொள்ள வேண்டும். காது குத்திய இடத்திலோ நெஞ்சிலோ தழும்பு தடித்து வளர்ந்த வழக்கம் இருந்தால் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: மகளுக்கு 15 வயது. கழுத்தைச் சுற்றிக் கறுப்பு. பீர்க்கங்காய் நார் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.
– வாசகி, திருவொற்றியூர்

பதில்: அது அழுக்கல்ல. தொட்டால் வெல்வெட் போலத் தடித்து, அக்குளிலும் அதே கறுப்பு இருந்தால் உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம். தேய்க்கத் தேய்க்க இன்னும் தடிக்கும். வெறும் வயிற்றுச் சர்க்கரை, எச்.பி.ஏ.1.சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை), எடை, மாதவிலக்கு ஒழுங்கு நான்கையும் பாருங்கள். எடையில் சிறு பங்கு குறைந்தாலே கழுத்து வெளிறத் தொடங்கும். பள்ளியில் பிள்ளைகள் கேலி செய்வதற்காக அவளை மேலும் தேய்க்க வைக்காதீர்கள். நாரை இன்றே எடுத்து வையுங்கள்.

கேள்வி: ஸ்டிக்கர் பொட்டு வைக்கும் இடத்தில் வெள்ளையாகிவிட்டது. வெண்புள்ளியா?
– வாசகி, மயிலாப்பூர்

பதில்: ஸ்டிக்கரின் பசையில் பாரா டெர்ஷியரி பியூட்டைல் ஃபீனால் என்ற பொருள் சேர்ந்த பிசின் இருக்கலாம். அது நிறமிச் செல்லையே அழிக்கும். இடத்தை மாற்றி ஒட்டினால் புது இடமும் வெளுக்கும், எனவே எந்த நிறுவனத்தின் ஸ்டிக்கரும் இனி வேண்டாம். சீக்கிரம் நிறுத்தினால் நிறம் திரும்ப வாய்ப்பு உண்டு. டாக்ரோலிமஸ் களிம்பு உதவும். ஒட்டாத இடங்களிலும் வெள்ளை தோன்றினால் வெண்புள்ளியா என்று பார்க்க வேண்டும். கடைக் குங்குமத்தின் சாயம் சிலருக்கு இதற்கு நேர்மாறாகக் கருக்க வைக்கும். மஞ்சள், படிகாரம், வெங்காரம், எலுமிச்சை சேர்த்து வீட்டில் செய்த குங்குமத்தை முன்கையில் சோதித்துவிட்டு வைக்கலாம். நெற்றியோரமும் காதோரமும் கறுத்திருந்தால் தலைச் சாயத்தைச் சந்தேகியுங்கள். அதிலுள்ள பி.பி.டி. என்ற ரசாயனம் வழக்கமான குற்றவாளி.

கேள்வி: பாரிமுனைப் பக்கம் வாங்கிய வெளிநாட்டு க்ரீம். மூன்றே வாரத்தில் வெளுப்பு. லேபிளில் தமிழோ ஆங்கிலமோ இல்லை. தொடரலாமா?
– வாசகி, ராயபுரம்

பதில்: இன்றே நிறுத்துங்கள். இத்தனை வேகத்தில் வெளுப்பாக்குவது பாதரசமாகவோ வீரிய ஸ்டீராய்டாகவோ இருக்கும். 2023-இல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில், இப்படிப்பட்ட க்ரீம் தடவியவர்களுக்கு வந்த சிறுநீரக நோயை மருத்துவர்கள் தொடர்ச்சியாகப் பதிவு செய்தார்கள். இந்திய விதிப்படி, கண்ணுக்குப் போடுபவை நீங்கலாக, அழகுப் பொருளில் பாதரசம் தெரியாமல் கலந்திருந்தாலும் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. கலோமெல், மெர்க்குரிக், மெர்க்குரஸ் போன்ற சொற்கள் பாதரசத்தைக் குறிக்கும். "தங்க, வெள்ளி நகையில் படாமல் பார்த்துக்கொள்ளவும்" என்ற எச்சரிக்கையும் அதே துப்புதான். பாதரசம் பட்டால் தங்கம் வெளுக்கும். சட்டப்படி வந்த இறக்குமதிப் பொருளில் இந்திய இறக்குமதியாளரின் பெயர், முகவரி, பதிவுச் சான்றிதழ் எண், பேட்ச் எண், காலாவதித் தேதி ஒட்டியிருக்கும். அந்த ஸ்டிக்கர் இல்லாததை, விலை எவ்வளவு மலிவானாலும், கையில் எடுக்காதீர்கள்.

சிறுநீரில் புரதம் போகிறதா என்று பரிசோதியுங்கள். கால் வீக்கம், நுரைத்த சிறுநீர், கை நடுக்கம் இருந்தால் சிறுநீரக (நெஃப்ராலஜி) மருத்துவரிடம் க்ரீம் டப்பாவோடு போங்கள். தலையணை உறை, துண்டு வழியாகக் குழந்தைகளுக்கும் பாதரசம் சேரும், அவற்றை மாற்றிவிடுங்கள். டப்பாவை இறுக மூடிய உறையில் வைத்து, தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உள்ள மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம்.

கேள்வி: கன்னத்திலும் கழுத்திலும் சின்னச் சின்னப் பாலுண்ணி. சுண்ணாம்பு வைத்தால் உதிருமா?
– வாசகர், மாதவரம்

பதில்: உதிரும், கூடவே தோலும் வெந்து தழும்பாகும். அம்மான் பச்சரிசிப் பாலும் அப்படியே. மின்சூட்டாலோ ரேடியோ அலையாலோ மருத்துவர் சில நிமிடத்தில் எடுத்துவிடுவார். மரத்துப்போகும் களிம்பை முக்கால் மணி நேரம் முன்பே பூச வேண்டும். பொருக்கு ஒரு வாரத்தில் தானாக விழும்வரை கிள்ளாதீர்கள். கழுத்தில் நிறைய இருந்தால் சர்க்கரையையும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு புள்ளி மட்டும் நிறம் மாறி, வளர்ந்து, ரத்தம் கசிந்தால் அதைச் சுடக் கூடாது. வெட்டி எடுத்து ஆய்வுக்கு அனுப்ப வேண்டும்.